விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸ்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் பழைய அரசு மடிக்கணினி ஒன்றைப் பார்க்கலாம். ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பீரோவுக்குள் பையோடு படுத்திருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழகம் முழுவதும் சுமார் 50 லட்சம் கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றை வாங்கித் தந்தது அரசு நிறுவனமான எல்காட். அந்தக் கணினிகளில் பலவற்றை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். எதையும் தொடாமல் விட்டால் சில நொடிகளில் அதுவாகவே ஒன்றைத் தேர்ந்துகொண்டு உள்ளே போய்விடும். பெரும்பாலான பிள்ளைகள் தொடாமல்தான் விட்டார்கள்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றிலும் வேலை செய்யும் இயங்குதளம் அது. ஆக, ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது நிபுணர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளைகளின் பையில் அரசாங்கமே அதைப் போட்டு அனுப்பியிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டாவது பெயர் பல கணினிகளில் இன்று இல்லை. கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் 'ஃபார்மட் அடிச்சுடலாம்' என்பார்கள். மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் துடைத்துவிட்டு விண்டோஸை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். பாஸ் போன இடம் தெரியாது. பல நேரங்களில் பிள்ளையின் படங்களும் புராஜெக்ட் கோப்புகளும் கூடவே போய்விடும். அந்த ஃபார்மட் இல்லாமல், இருக்கிற விண்டோஸையும் கோப்புகளையும் தொடாமல், பக்கத்தில் ஒரு லினக்ஸை எப்படிப் போடுவது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய வேலை இது. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ஏன் என்று கேட்கலாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். பதிவு செய்துகொண்டவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றார்கள், அதோடு சரி. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியும் கேட்கிறது. அரசு மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை இந்த வாசலைத் தாண்டாது. இயந்திரம் நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், இயங்குதளத்துக்கு மட்டும் வயதாகிவிட்டது என்ற நிலை. அங்கே லினக்ஸ் அந்தக் கணினிக்கு இன்னும் பல ஆண்டு ஆயுளைக் கொடுக்கும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாக இருக்கிறது. கடிதமும் அட்டவணையும் செய்யக் கற்றுத் தருவது ஓபன் ஆபிஸில். புத்தகத்தில் படித்ததை வீட்டுக் கணினியில் திறந்து பார்க்க முடியாத பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்யும். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. கைட் என்ற அரசு அமைப்பு உபுண்டுவிலிருந்து பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைச் செய்து தருகிறது. நம் பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

அப்படியானால் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை மட்டுமே வைத்துக்கொள்ளலாமே என்று சில ஆர்வலர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸ் பேனரும் கோரல்டிராவிலும் பேஜ்மேக்கரிலும் தயாராகின்றன. பழைய கோப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. மளிகைக் கடையும் உரக்கடையும் கணக்கை டேலியில் வைத்திருக்கின்றன. இவை எல்லாம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. டைப்பிங் வேலைக்குப் போகும் பெண் அந்த மென்பொருளில்தான் பழக வேண்டும். அதனால்தான் இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஹார்ட் டிஸ்க்கை நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வே எண்ணில் உள்ள நிலத்தை உட்பிரிவு செய்கிறோம். நிலம் அதே நிலம்தான். வரைபடத்தில் கோடு மாறுகிறது. இந்த உட்பிரிவுக்குப் பெயர் பார்ட்டிஷன். எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணையாக இருக்கிறது. விண்டோஸ் தன் பங்கில் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் கோப்புகளை அடுக்கும், லினக்ஸ் தன் பங்கில் ஈ.எக்ஸ்.டி.4 என்ற முறையில் அடுக்கும். ஒன்றின் எல்லைக்குள் மற்றது குடியேறாது. இரண்டாவது இயங்குதளம் போடுவது என்றால், விண்டோஸின் பங்கைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த காலியிடத்தில் லினக்ஸுக்கு ஒரு பங்கு உண்டாக்குவதுதான்.

கணினியை ஆன் செய்யும்போது முதலில் விழிப்பது இயங்குதளம் இல்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய நிரல். பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர், சுமார் 2012-க்குப் பிறகு வந்தவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது பூட்லோடர் எனப்படும் இன்னொரு சின்ன நிரலைத் தேடி எடுத்து ஓட விடும். அந்தப் பூட்லோடர்தான் இயங்குதளத்தை எழுப்புகிறது. விண்டோஸுக்குச் சொந்தப் பூட்லோடர் உண்டு. லினக்ஸ் கொண்டுவருவது க்ரப். க்ரப் தாராள மனமுடையது, தன்னைத் தவிர விண்டோஸையும் பட்டியலில் காட்டும். விண்டோஸின் பூட்லோடர் தானாக லினக்ஸைக் காட்டாது. அதனால்தான் வரிசை முக்கியம்: விண்டோஸ் முதலில் இருக்க வேண்டும், லினக்ஸ் பிறகு வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் விண்டோஸ் தன் பூட்லோடரை முன்னால் நிறுத்திக்கொள்ளும், லினக்ஸ் டிஸ்க்கில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இந்த பயாஸ், யூ.இ.எஃப்.ஐ. வேறுபாட்டை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் தேடும் இடத்தில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டினால் வரும் பக்கத்தில் பயாஸ் மோடு என்று ஒரு வரி இருக்கும். அங்கே லெகசி என்று இருக்கிறதா, யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் போட வேண்டும். ஒன்று லெகசியிலும் மற்றது யூ.இ.எஃப்.ஐ.-யிலும் இருந்தால் இரண்டும் ஒரே பட்டியலில் சேர்ந்து வராது. நான் பார்த்த வரையில் நிறையப் பேர் முட்டி நிற்கும் இடம் இது.

இனி ஆயத்த வேலை. நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

முதல் வேலை, இழக்கக் கூடாதவற்றை வேறு இடத்தில் நகல் எடுப்பது. சான்றிதழ்களின் ஸ்கேன், குடும்பப் படங்கள், கடைக் கணக்கு, பாதியில் நிற்கும் புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென் டிரைவிலோ போட்டு, அதை இன்னொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கணக்கில் வைக்காதீர்கள். சி டிரைவில் இருந்து டி டிரைவுக்கு மாற்றி வைப்பது நகல் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க்.

அடுத்தது மின்சாரம். பார்ட்டிஷனைச் சுருக்கும்போதோ லினக்ஸ் எழுதப்படும்போதோ கரண்ட் போனால் பாதிப்பு வரலாம். பழைய மடிக்கணினிகளில் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், சார்ஜர் சொருகினால்தான் ஓடும். பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று நாளிதழில் உங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். இடி மழை நாளும் வேண்டாம். யு.பி.எஸ். உள்ள கணினி மையத்தில் கேட்டுச் செய்வதும் நல்லது.

மூன்றாவது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயக்கத்தில் இருக்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. பாதித் தூக்கத்தில் தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் போய் அந்தப் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்புகள் கெடலாம். அதனால் லினக்ஸ் அங்கே எழுத மறுக்கும், படிக்க மட்டும் அனுமதிக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான்காவது புதிய கணினி வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸ் 11 வரும் மடிக்கணினிகளில் டிஸ்க் முழுக்க மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் செட்டிங்ஸில் தெரியும். பூட் அமைப்பில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் கணினியை முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் யாரோ ஒருவர் தம் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால் எண் அவருடைய கணக்கில் கிடக்கும். ஆகவே முன்கூட்டியே அந்த எண்ணைத் தேடி நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் மறைகுறியாக்கத்தை நிறுத்திவிட்டு, அது முழுதாக அவிழும்வரை காத்திருந்து, பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். இந்த எண்ணைத் தொலைத்தவர்களின் கோப்புகளை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடம் ஒதுக்குவது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் உங்கள் டிஸ்க்கின் வரைபடம் கட்டம் கட்டமாகத் தெரியும். சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். எவ்வளவு சுருக்க வேண்டும் என்று எம்.பி.யில் கேட்கும், 60 ஜிபி என்றால் 61,440. லினக்ஸுக்கு 25 ஜிபி இருந்தாலே ஓடும், ஆனால் ஒரு வருடத்தில் நெருக்கடி வரும். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்றால் 60 ஜிபியும், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றால் 100 ஜிபியும் கொடுப்பது என் வழக்கம். சில நேரம் சி டிரைவில் பாதி காலியாக இருந்தும் சில ஜிபிக்கு மேல் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத சில கோப்புகள் டிஸ்க்கின் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்தி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து திரும்ப முயன்றால் பெரும்பாலும் இடம் விடும்.

சுருக்கியதும் அன்அலகேட்டட் என்று கறுப்புப் பட்டையோடு ஒரு காலியிடம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே புது டிரைவ் எதுவும் உண்டாக்க வேண்டாம். பழைய லெகசி கணினிகளில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் காலத்து அட்டவணையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்குத்தான் இடம். விண்டோஸின் பூட் பகுதி, சி, டி, கம்பெனியின் ரிகவரி என்று நான்கும் நிரம்பியிருந்தால் ஐந்தாவதுக்கு வழியில்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் வழியாகவே ஐந்தாவதை உண்டாக்க முயன்றால், டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றிக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்கும். சரி என்று அழுத்திவிடாதீர்கள். டைனமிக் ஆன டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவி முறையாகப் புகுந்து வேலை செய்ய முடியாது, திரும்பவும் பழையபடி ஆக்குவது பெரும்பாடு. இப்படி நான்கும் நிரம்பிய கணினியில் டி டிரைவைக் காலி செய்து நீக்கிவிட்டு, அந்த இடத்தை லினக்ஸுக்குக் கொடுப்பதுதான் நேர்வழி. நீக்குவதற்கு முன் டி டிரைவில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று இன்னொருமுறை பாருங்கள்.

அடுத்து எந்த லினக்ஸ் என்ற கேள்வி. லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு, அந்தக் கடலில் இறங்கித் திணற வேண்டியதில்லை. விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் எளிது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு நிம்மதியாக ஓடும். திட்டத்தின் தொடக்கத்தில் வந்த 2 ஜிபி ராம் கணினி என்றால் மென்பொருள் மட்டும் போதாது. ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், அதே கணினியா என்று ஆச்சரியப்படுவீர்கள். பாஸ் லினக்ஸே வேண்டும் என்றாலும் சி-டாக் அதை இலவசமாகத் தருகிறது. தமிழ் இடைமுகம் வேண்டும் என்போர் அதைப் பார்க்கலாம். 2025-இல் கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினிகளுக்கு எல்காட் கோரிய ஒப்பந்தப்புள்ளியிலும் விண்டோஸ் 11-உடன் பாஸ் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள். புதிதாக அந்தக் கணினி கையில் வந்தவர்கள் எதையும் போடும் முன் உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மின்ட்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்திருக்கும் கைபேசியில் இதை ஒரே நாளில் இறக்க முடியாது, பாதியில் அறுந்துவிடும். ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இறக்கிக்கொள்ளலாம். டொரண்ட் வழியாக இறக்கினால் அறுந்த இடத்தில் இருந்து தொடரும், கோப்பு சரியாக வந்ததா என்பதையும் அதுவே சரிபார்க்கும். நேரடியாக இறக்கியவர்கள், தளத்தில் கொடுத்திருக்கும் நீண்ட சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. அரைகுறைக் கோப்பு நிறுவலின் நடுவில் காலை வாரும்.

இந்தக் கோப்பைச் சும்மா பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் எழுத வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுங்கள். ரூஃபஸில் ஜி.பி.டி., எம்.பி.ஆர். என்று ஒரு தேர்வு வரும். முன்னே குறித்து வைத்தது யூ.இ.எஃப்.ஐ. என்றால் ஜி.பி.டி., லெகசி என்றால் எம்.பி.ஆர்.

பென் டிரைவைச் செருகி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, கம்பெனியின் பெயர் திரையில் வரும்போதே பூட் மெனு பொத்தானைத் தட்டுங்கள். லெனோவோவிலும் டெல்லிலும் ஏசரிலும் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. சில ஏசரில் எஃப்12 மெனுவை பயாஸுக்குள் போய் முதலில் இயக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் நேரே பென் டிரைவில் இருந்தே ஓடத் தொடங்கும். உங்கள் டிஸ்க்கில் இதுவரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. லைவ் என்று சொல்லப்படும் இந்த நிலையில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, தூங்க வைத்தால் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இங்கே வேலை செய்தது நிறுவிய பிறகும் வேலை செய்யும். வைஃபை இங்கே வரவில்லை என்றால் கைபேசியை யு.எஸ்.பி. வயரில் இணைத்து இணையம் கொடுத்து டிரைவர் தேடலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழைய விண்டோஸ் எதுவும் நடக்காதது போல வந்து நிற்கும்.

நிறுவுவது இதையெல்லாம்விடச் சுருக்கமான வேலை. திரையில் உள்ள இன்ஸ்டால் சின்னத்தை அழுத்தி, மொழி, கீபோர்டு சொல்லிக்கொண்டே போனால், எங்கே போட வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்று ஒரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு என்று ஒரு வரி, நானே வகுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வரிதான் கடைக்காரரின் ஃபார்மட். விண்டோஸுக்குப் பக்கத்தில் என்ற வரியே வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். லினக்ஸுக்கு விண்டோஸ் கண்ணில் படவில்லை என்று பொருள். பென் டிரைவ் தவறான முறையில் பூட் ஆகியிருக்கலாம், மறைகுறியாக்கம் அவிழாமல் இருக்கலாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னும் இயக்கத்தில் இருக்கலாம். சில புதிய இன்டெல் கணினிகளில் டிஸ்க்கே தெரியாது, ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற அமைப்புக்குள் டிஸ்க் மறைந்திருப்பதால் வருவது அது. வெளியே வந்து காரணத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் போகலாம், இதில் வெட்கமில்லை.

நானே வகுத்துக்கொள்கிறேன் என்பதைத் தேர்ந்தவர்கள், காலியிடத்தில் ஈ.எக்ஸ்.டி.4 பார்ட்டிஷன் ஒன்று உண்டாக்கி அதன் மவுண்ட் பாயிண்ட்டாக ஒரு சாய்கோட்டைக் கொடுத்தால் போதும். யூ.இ.எஃப்.ஐ. கணினியில் 100 எம்.பி. அளவில் ஈ.எஃப்.ஐ. என்று ஒரு சிறு பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸின் பூட்லோடர் அதற்குள்தான் இருக்கிறது, லினக்ஸுடையதும் அதிலேயே போய்ச் சேரும். அதை ஃபார்மட் செய்யக் கூடாது.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதை நினைவில் வையுங்கள், அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரையில் ஒரே ஒருமுறை கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் இருபது நிமிடம், ஹார்ட் டிஸ்க்கில் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு பெயர்களும் வரிசையாக வரும். முதலில் விண்டோஸுக்குள் போய்ப் பாருங்கள். அது டிஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னால் சரிபார்க்க விடுங்கள்.

பட்டியலில் விண்டோஸ் வரவில்லை என்றால் பதறாதீர்கள், விண்டோஸ் எங்கும் போகவில்லை. க்ரப்பின் 2.06 பதிப்பில் இருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஓ.எஸ். புரோபர் என்ற அந்தத் தேடும் நிரலை க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றி இயக்கிவிட்டு, பட்டியலைப் புதுப்பித்தால் வந்துவிடும். மாறாக, லினக்ஸ் வராமல் நேரே விண்டோஸுக்குள் போகிறது என்றால் யூ.இ.எஃப்.ஐ. அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்களுக்குப் பிறகு இப்படி வரிசை மாறுவது உண்டு. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் ஒரு பாதுகாப்பு அப்டேட் உலகம் முழுக்கப் பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. செக்யூர் பூட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை நம்ப மறுத்ததுதான் காரணம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்தார்கள், மைக்ரோசாஃப்டும் பின்னர் தீர்வு வெளியிட்டது. யாருடைய கோப்பும் அதனால் அழியவில்லை.

விண்டோஸில் கடிகாரம் திடீரென்று ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் அதுவும் பழுது அல்ல. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்த ஐந்தரை மணி நேரம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாறச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் எம்17என் என்ற தொகுப்பும் போதும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழக அரசு 1999-இல் ஏற்ற விசைப்பலகை தமிழ்99. புதிதாகத் தட்டச்சுக் கற்பவர்கள் அதில் தொடங்கினால் விண்டோஸ், லினக்ஸ், கைபேசி என்று எங்கு போனாலும் கை மாற வேண்டியதில்லை. இரண்டு இயங்குதளங்களிலும் வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி. இரண்டிலும் வேண்டிய கோப்புகளை விண்டோஸின் டி டிரைவிலேயே, அதை நீக்கியவர்கள் சி டிரைவில், வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸால் அதைப் படிக்கவும் எழுதவும் முடியும், விண்டோஸால் லினக்ஸின் பங்கை எளிதில் படிக்க முடியாது.

இவ்வளவும் படித்த பிறகு நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்கே போங்கள். புதுக்கோட்டை கீழராஜவீதியோ அறந்தாங்கி பேருந்து நிலையப் பக்கமோ, எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'விண்டோஸ் அப்படியே இருக்கணும், பக்கத்துல லினக்ஸ் போட்டுத் தாங்கண்ணே. ஃபார்மட் வேண்டாம்.' நகல் எடுப்பதை மட்டும் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்துவிடுங்கள். பள்ளிக் கணினி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பதினோராம் வகுப்பு மாணவர்கள் முன்னால் இதைச் செய்து காட்டினால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. பாடநூலில் இருப்பதைத்தானே செய்து காட்டப் போகிறார்கள்.

பின்னொரு நாள் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் எடுக்கவும் வழியுண்டு, ஆனால் வரிசை தவறக் கூடாது. யூ.இ.எஃப்.ஐ. கணினியில் முதலில் பூட் வரிசையில் விண்டோஸை மேலே கொண்டுவந்து, அது தானாக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்குங்கள். பழைய லெகசி கணினியில் க்ரப் டிஸ்க்கின் முதல் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க் கொண்டு விண்டோஸின் பூட்லோடரைத் திரும்ப எழுதிய பிறகே லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். முதலில் பார்ட்டிஷனை நீக்கிவிட்டால் க்ரப் தன் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். நீக்கிய இடம் சி டிரைவுக்கு ஒட்டினாற்போல் வலப்பக்கம் இருந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் ரிகவரி பார்ட்டிஷன் குறுக்கே நின்றால் சேராது. அந்த இடத்தைத் தனி டிரைவாக உண்டாக்கிப் பயன்படுத்துங்கள்.